வாசலில் கழற்றிவைத்த சப்பாத்து

போன வருடம் வைகாசி மாதம். யாழ்ப்பாணத்தில் ஒரு தொழிற்பயிற்சி நிலையத்தின் செயன்முறை மண்டபத்தில், நான் வயரிங் செய்து முடித்த பலகைக்குக் கறண்ட் கொடுக்கமாட்டேன் என்று ஒரு மதிப்பீட்டாளர் சொல்லிவிட்டார். இருபத்திரண்டு வருடமாக இணுவில் பக்கம் வீடு வீடாக இந்த வேலையைச் செய்துவருகிறவன் நான். என் வீட்டுக் கலியாணத்துக்கு வராதவர்கள்கூட, ட்ரிப் சுவிச் விழுந்தால் காலையில் பல்லுத் தீட்ட முதல் என் வீட்டுப் படலை வாசலில் வந்து நிற்பார்கள். அப்படிப்பட்ட எனக்கு, என்னைவிடப் பதினைந்து வயதாவது இளைய ஒரு பெண்பிள்ளை இப்படிச் சொன்னால் எப்படி இருக்கும்? அதை நினைத்தால் இன்றைக்கும் முதலில் வருவது எரிச்சல்தான்.

தொடக்கத்திலிருந்து சொல்கிறேன். கொடிகாமத்தில் பெருவீதி ஓரமாக மரக்கறி வியாபாரிகளுக்கென்று ஒரு கடைத்தொகுதி எழும்பிக்கொண்டிருந்தது. பத்துக் கடைகள், மேலே ஒரு மாடி. கட்டுகிற ஒப்பந்தக்காரர் எனக்கு நல்ல பழக்கம். ஒருநாள் தொலைபேசியில் கூப்பிட்டார்.

"அண்ணை, வயரிங் வேலை முழுக்க உங்களுக்குத்தான். ஆனா காட் இருக்கோ? காட் இருக்கிற ஆள்தான் கையெழுத்து வைக்கவேணுமாம்."

காட் என்றால் தேசிய தொழில் தகைமை அட்டை. மூன்றாம் மட்டம், நான்காம் மட்டம் என்று படிப்படியாக இருக்கிறது. என்னிடம் ஒரு மட்டமும் இல்லை. அதுவரையில் வயரிங்கை நான் செய்வேன், தகைமை உள்ள வேறொருவர் வந்து பார்த்துவிட்டுக் கையெழுத்து வைப்பார். பார்த்துவிட்டு என்று ஒரு பேச்சுக்குச் சொல்கிறேன். அவர் மோட்டார் சைக்கிளை விட்டு இறங்கி நான் கண்டதில்லை. படலையடியில் வைத்தே பெற்றோல் தாங்கியின் மேல் கடதாசியை விரித்து ஒப்பமிட்டுவிட்டுப் போவார். அவரும் வெளிநாடு போய்விட்டார். வாழ்க்கையில் ஒரு பெரிய கட்டடத்திலாவது என் பெயரில் கையெழுத்து விழட்டும் என்று எனக்கும் ஆசை வந்தது. அந்தக் கடைத்தொகுதி எனக்கு அவ்வளவு வேண்டியிருந்தது.

படிக்காமல் கைப்பழக்கத்தால் தொழில் கற்றவர்களுக்கும் வழி இருக்கிறது என்றார்கள். அனுபவத்தை நிரூபித்து, ஒரு செயன்முறைப் பரீட்சை செய்தால் போதும். நேரே நான்காம் மட்டத்துக்கு விண்ணப்பிக்கலாமா என்று பயிற்சி நிலையக் கந்தோரில் கேட்டேன். மூன்றிலிருந்து தொடங்குங்கோ என்றார் அங்கிருந்த எழுதுவினைஞர். வீட்டில் என் மகள் எட்டாம் வகுப்புப் படிக்கிறாள். அப்பா மூன்றாம் மட்டமாம் என்று அவள் ஒரு கிழமை முழுக்கச் சிரித்தாள்.

அனுபவத்தை நிரூபிப்பது என்றால் சும்மாவா? வேலை கொடுத்தவர்களின் கடிதம் வேண்டும் என்றார்கள். எனக்கு வேலை கொடுத்தவர்களில் பாதிப்பேர் கனடாவில். மிச்சப் பாதியில் பலருக்கு என் முகத்தைத் தெரியும், முழுப்பெயர் தெரியாது. அடுத்ததாக, செய்த வேலைகளின் படம் வேண்டுமாம்.

"வயர் எல்லாம் சுவருக்குள்ளை போட்டுது, பிள்ளை. மேலை சாந்தும் பூசி, பெயின்ரும் அடிச்சாச்சு. எதைப் படம் எடுக்கிறது?" என்று கேட்டேன்.

"இருக்கிறதை எடுங்கோ அண்ணை" என்றார் எழுதுவினைஞர், தலை நிமிராமல்.

ஆகவே மூன்று நாள் தொழிலை விட்டுவிட்டு, ஊரெல்லாம் சுற்றிச் சுவிச்சுகளைப் படம் எடுத்தேன். வீட்டுக்காரர்கள் எனக்கு என்னவோ ஆகிவிட்டது என்று நினைத்திருப்பார்கள். கடைசியில் கையில் ஒரு அல்பம் சேர்ந்தது. அறுபது படம், அறுபதிலும் சுவிச். கலியாண அல்பம் மாதிரிப் பிளாஸ்ரிக் உறை எல்லாம் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

கடிதத்துக்கு எனக்குக் கைகொடுத்தவர் இணுவிலில் இருக்கும் ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர். எழுபது வயது தாண்டியவர், தனியாக இருக்கிறார், ஊரே அவரை ரீச்சர் என்றுதான் கூப்பிடும். பதினைந்து வருடத்துக்கு முன் அவருடைய வீட்டுக்கு முழு வயரிங்கும் செய்தவன் நான்தான். கேட்டவுடனே அலுமாரியிலிருந்து கோடு போட்ட தாள் எடுத்து, அச்சடித்தது போன்ற கையெழுத்தில் ஒரு பக்கம் எழுதித் தந்தார். அதில் ஒரு வரி எனக்கு மிகவும் பிடித்திருந்தது. "இவர் மிக மரியாதையானவர். இத்தனை வருடத்தில் ஒருநாள்கூடச் செருப்புடனோ சப்பாத்துடனோ என் வீட்டுக்குள் கால் வைத்ததில்லை." இதைவிட ஒரு நற்சாட்சி வேண்டுமா என்று நினைத்துக்கொண்டேன்.

பரீட்சை நாளும் வந்தது. பாதுகாப்புச் சப்பாத்துக் கட்டாயம் என்று கடிதத்தில் போட்டிருந்தார்கள். என்னிடம் ஏது சப்பாத்து? மச்சான் இரும்பு வேலைக்குப் போடுகிற சப்பாத்தை இரவல் வாங்கிக்கொண்டு போனேன். அரை அளவு பெரியது. பெருவிரலுக்கு முன்னால் பேப்பர் திணித்திருந்தேன்.

மொத்தம் ஏழு பேர் வந்திருந்தோம். மதிப்பீட்டாளர் பருத்தித்துறைப் பக்கத்துப் பிள்ளை. நீலச் சட்டை, காற்சட்டை, காலில் பாரமான சப்பாத்து. வெளியே மரநிழலில் எங்களை நிற்கவைத்து, பாதுகாப்பைப் பற்றி என்னவோ சொல்லிக்கொண்டிருந்தார். நான் மனதுக்குள் இருவழிச் சுவிச்சின் இணைப்பை ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு மண்டபத்துக்குள் போகச் சொன்னார்கள். நான்தான் முதல் ஆள்.

வாசலுக்குப் போனால், உள்ளே தரை அப்போதுதான் துடைத்துப் பளபளவென்று கிடக்கிறது. எதிர்ச்சுவரில் பிள்ளையார் படம், செவ்வரத்தம்பூ வைத்து, ஒரு சின்ன விளக்கும் எரிகிறது. என் கால் தானாக நின்றது. குனிந்து சப்பாத்தைக் கழற்றி, வாசலுக்கு ஒரு பக்கமாக ஒழுங்காக வைத்துவிட்டு உள்ளே போனேன். எனக்குப் பின்னால் வந்த மூன்று பேர் என்னைப் பார்த்துவிட்டுத் தாங்களும் கழற்றினார்கள். கோயில் வாசல் மாதிரி நாலு சோடி சப்பாத்து அங்கே வரிசையாக இருந்தது.

வேலையைப் பற்றி நானே சொல்லக்கூடாது, ஆனாலும் சொல்கிறேன். கொடுத்த நேரத்தில் முக்கால் மணி நேரம் மிச்சம் இருக்க என் பலகை முடிந்துவிட்டது. ஒரு வயர்கூடக் கோணல் இல்லை. கறண்ட் கொடுத்துப் பார்க்கலாம் என்று கையை உயர்த்தினேன். அந்தப் பிள்ளை வந்தார். ஒவ்வொரு இணைப்பாக இழுத்துப் பார்த்தார். தலையாட்டினார். பிறகு கீழே என் காலைப் பார்த்தார்.

"வேலையிலை ஒரு பிழையும் இல்லை, அண்ணை. உங்கடை சப்பாத்து எங்கை?"

"வாசல்லை கிடக்கு."

"ஏன் கழட்டினீங்கள்?"

"சாமிப்படம் இருக்கு, தரையும் துடைச்சுக் கிடக்கு. எப்பிடிச் சப்பாத்தோடை உள்ளுக்கு வாறது?"

"அப்ப நான் இந்தப் பலகைக்குக் கறண்ட் தரேலாது" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. கோபித்திருந்தால் எனக்கும் சண்டை பிடிக்க வசதியாக இருந்திருக்கும்.

விட்டேனா நான்? யாழ்ப்பாணத்தில் எந்த வீட்டுக்குள் சப்பாத்தோடு போகவிடுவார்கள் என்று கேட்டேன். இருபத்திரண்டு வருடமாக வெறுங்காலோடுதான் வேலை செய்கிறேன், இதுவரை ஒன்றும் நடக்கவில்லை என்றேன். வேண்டுமென்றால் என் கோப்பில் ரீச்சரின் கடிதம் இருக்கிறது, எடுத்து வாசித்துப் பாருங்கள் என்றேன்.

"வாசிச்சனான்" என்று சொல்லிக் கோப்பைத் திறந்து காட்டினார். எனக்குப் பிடித்த அந்த வரிக்குக் கீழே பென்சிலால் கோடு போட்டுக் கிடந்தது. "வீட்டுக்காரருக்கு நீங்கள் குடுக்கிற மரியாதை நல்லதுதான், அண்ணை. கறண்டுக்கு அது விளங்காது."

முடிவுத் தாளில் "இன்னும் தேர்ச்சி பெறவில்லை" என்று எழுதினார்கள். அந்த "இன்னும்" என்ற சொல் எனக்கு ஊசி மாதிரிக் குத்தியது. மறுபடி பரீட்சை ஆறு கிழமைக்குப் பிறகு. என்னைப் போலவே கழற்றித் தேறாமல் போன மற்ற மூன்று பேரும் என்னைப் பார்த்த பார்வையை நான் எழுதாமல் விடுகிறேன். ஒருவர் மட்டும் போகும்போது, "அண்ணையைப் பாத்துக் கழட்டினதுதான் பிழை" என்று கேட்கத்தக்கதாகவே சொல்லிவிட்டுப் போனார். ஒப்பந்தக்காரருக்குத் தொலைபேசி எடுத்தேன். மாடிக்குக் கொங்கிறீற் தட்டுப் போடும் வரை எனக்காகப் பார்த்திருப்பதாகச் சொன்னார், குரலில் முந்தின உசார் இல்லை.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் கொட்டித் தீர்த்தேன். வயரிங்கில் ஒரு பிழையும் இல்லாமலே என்னைத் தோற்கடித்துவிட்டார்கள், இருபத்திரண்டு வருடத்தில் எனக்கு ஒன்றும் நடந்ததில்லையே என்று சத்தம்போட்டேன். குசினிக்குள் மரக்கறி வெட்டிக்கொண்டிருந்தவர் கத்தியை வைத்துவிட்டு வெளியே வந்தார்.

"இஞ்சாருங்கோ, ஒண்டும் நடக்கேல்லையோ? மாவடி வீட்டிலை ஏணியிலை இருந்து விழுந்தது என்ன? கிணத்தடி மோட்டர் அடிச்சு மூண்டு நாள் கை தூக்கேலாமல் கிடந்தது என்ன? உங்கடை போன் அடிச்சா ஒவ்வொருக்காலும் நான் என்ன நினைச்சுக்கொண்டு எடுக்கிறன் எண்டு உங்களுக்குத் தெரியுமோ?"

அதெல்லாம் சின்ன அடி என்று சொல்லிவிட்டு முற்றத்துக்குப் போய்விட்டேன். அவருடைய கண் கலங்கியிருந்ததைப் பார்த்தும் பார்க்காததுபோலத்தான் போனேன். அந்த நேரத்தில் எனக்கு யார் மேலும் இரக்கம் வரவில்லை, என்மேல் மட்டும்தான் வந்தது.

அடுத்த கிழமை எனக்கென்று ஒரு சோடி பாதுகாப்புச் சப்பாத்து வாங்கினேன். புதுச் சப்பாத்துக் கடிக்கும், பரீட்சைக்கு முதல் காலுக்குப் பழக்கவேண்டும் என்பதற்காக மோட்டார் சைக்கிள் ஓடும்போது போட்டுக்கொண்டு திரிந்தேன். வீடுகளுக்குப் போனால் வழக்கம்போல வாசலில் கழற்றினேன். பரீட்சைக்குத்தானே சப்பாத்து, வேலைக்கா என்பது என் கணக்கு.

மறுபரீட்சைக்குப் பத்து நாள் இருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை காலை ரீச்சர் கூப்பிட்டார். சாமியறைச் சுவிச் கருகி மணக்கிறது, வந்து மாற்றிவிடும் என்றார். போனேன். வெள்ளிக்கிழமை என்றபடியால் வீடு முழுக்கக் கழுவி, சாமியறைத் தரை இன்னும் ஈரமாகவே கிடந்தது. ரீச்சர் விறாந்தையில் நின்று என்னைப் பார்த்தார். நான் சப்பாத்தைக் கழற்றி வாசற்படியில் வைத்துவிட்டு உள்ளே போனேன்.

மெயின் சுவிச்சை இறக்கினேன். குளிர்சாதனப் பெட்டியின் இரைச்சல் நின்றது. சரி, எல்லாம் நின்றுவிட்டது என்று நினைத்தேன். மின்வெட்டுக் காலத்தில் ரீச்சரின் மகன் வெளிநாட்டிலிருந்து காசு அனுப்பி, வேறு யாரையோ பிடித்து, பற்றரியில் ஓடுகிற இன்வேர்ட்டர் ஒன்று பூட்டுவித்தது எனக்குத் தெரியும். மெயின் நின்றால் அது தானாக வேலை செய்து லைற்றுக்கும் ஃபானுக்கும் கறண்ட் கொடுக்கும். தெரிந்தும் அந்த நேரம் ஞாபகத்துக்கு வரவில்லை. விறாந்தையில் ஃபான் சுற்றிக்கொண்டே இருந்திருக்கிறது. நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. தொட முதல் சோதித்துப் பார்க்கிற டெஸ்டர் என் சட்டைப் பையில் இருந்தது. அதை எடுக்கவும் இல்லை.

சுவிச்சைக் கழற்றி வயரில் விரல் பட்டதுதான் தெரியும். கை வழியாக ஏறி, நெஞ்சைக் கசக்கிப் பிழிந்துகொண்டு, ஈரத் தரையில் இருந்த இரண்டு காலாலும் இறங்கியது. வாய் திறந்து கத்த முடியவில்லை. எவ்வளவு நேரம் என்று தெரியாது, ஒரு நொடிதான் இருக்கும், அந்த ஒரு நொடி முழுவதும் நான் செத்துக்கொண்டிருக்கிறேன் என்று தெளிவாகத் தெரிந்தது. பிறகு என் கை தானாகவே உதறியது. பின்பக்கமாகக் கதவில் போய் மோதி விழுந்தேன். விரல் வயரைப் பிடித்தபடி இறுகாமல் உதறியது என் நல்ல காலம் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். இறுகியிருந்தால் இதை எழுத ஆள் இருந்திருக்காது.

கண் திறந்தபோது ரீச்சர் பக்கத்தில் குனிந்து நின்றார். தண்ணீர் கொண்டுவரவா, ஓட்டோ கூப்பிடவா என்று மாறி மாறிக் கேட்டார். ஒன்றுமில்லை ரீச்சர், சின்ன அடி என்றேன். சொல்லும்போதே என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது. மனைவி சொன்னது அத்தனையும் ஒன்றாக ஞாபகம் வந்தது. உட்கார்ந்தபடியே சுவரில் சாய்ந்து, வெறுங்காலைப் பார்த்தேன். உள்ளங்கால் ஈரமாக, சுருங்கிப் போயிருந்தது.

"இந்த வீட்டிலை கழட்டவேண்டி இருக்கிறதாலைதான் ரீச்சர்..." என்று தொடங்கினேன். வலியில் வந்த வார்த்தை. என்னை அறியாமலே அவர்மேல் பழியைப் போட்டுவிட்டேன்.

அவர் விறுவிறென்று வெளியே போனார். ஆத்திரத்தில் போய்விட்டார் என்று நினைத்தேன். திரும்பி வந்தபோது அவருடைய இரண்டு கையிலும் என் சப்பாத்து இருந்தது. காலையில் குளித்து, நெற்றியில் திருநீறு பூசி, சாமிக்கு விளக்கு வைத்த கை அது. செம்மண் ஒட்டிய அந்தச் சப்பாத்தை ஏந்திக்கொண்டு, கழுவிய விறாந்தையைத் தாண்டி, சாமியறைக்குள் வந்து, குனிந்து என் கால் பக்கத்தில் வைத்தார். நான் பதறிப்போய்க் காலை இழுத்துக்கொண்டேன்.

"போடும்" என்றார். "போட்டிட்டுத்தான் இனி இந்த வீட்டிலை வேலை. ஏன் தம்பி, நான் எண்டைக்காவது உம்மைக் கழட்டச் சொன்னனானோ? நீராக் கழட்டினீர், நான் நல்ல பிள்ளை எண்டு நினைச்சன். போட்டுக்கொண்டு வரலாமோ எண்டு ஒருக்காக் கேட்டிருந்தா நான் ஓம் எண்டு சொல்லியிருப்பன். நீர் ஒருநாளும் கேக்கேல்லையே."

ஓம், நான் கேட்டதே இல்லை. ஒரு வீட்டிலும் கேட்டதில்லை. கேட்டால் முகம் சுளிப்பார்கள் என்று நானே நினைத்துக்கொண்டு, நானே கழற்றி, பிறகு அந்தப் பழியை ஊர் வழக்கத்தின் தலையில் போட்டுக்கொண்டு திரிந்திருக்கிறேன். அந்த மதிப்பீட்டாளர் பிள்ளையிடம் எவ்வளவு சண்டித்தனமாகக் கதைத்தேன் என்று நினைக்க வெட்கமாக இருந்தது.

அன்றைக்கு இன்வேர்ட்டரையும் நிறுத்தி, டெஸ்டரால் சோதித்து, சப்பாத்துப் போட்ட காலோடு சாமியறையில் நின்று அந்தச் சுவிச்சை மாற்றினேன். ஒவ்வொரு அடி வைக்கும்போதும் உடம்பு கூசியது, பொய் சொல்லவில்லை. வேலை முடிந்ததும் நானே தும்புத்தடியும் துணியும் கேட்டு வாங்கித் தரையைத் துடைத்துவிட்டு வந்தேன்.

மறுபரீட்சைக்கு அதே மண்டபம், அதே மதிப்பீட்டாளர். அன்றும் தரை துடைத்திருந்தது, பிள்ளையாருக்கு முன் விளக்கு எரிந்தது. வாசலில் ஒரு கணம் நின்றேன். மனதுக்குள் பிள்ளையாரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் சப்பாத்தோடு உள்ளே போனேன். போன முறை என்னைப் பார்த்துக் கழற்றிய மூன்று பேரும் பின்னால் வந்தார்கள். இந்த முறை அவர்கள் என் காலைப் பார்க்கவே இல்லை. வேலை முடிந்ததும் அந்தப் பிள்ளை பலகையைப் பார்த்தார், காலைப் பார்த்தார், கறண்டைப் போட்டார். மின்குமிழ் எரிந்தது. இருபத்திரண்டு வருடத்தில் எத்தனை ஆயிரம் குமிழை எரிய வைத்திருப்பேன், அன்றைக்கு மட்டும் அந்த வெளிச்சத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

கடைத்தொகுதி வேலை கிடைத்ததா என்று கேட்பீர்கள். இல்லை. அட்டை அச்சாகி வர இன்னும் இரண்டு மாதம் எடுத்தது. அதற்குள் அங்கே மாடித் தட்டும் போட்டு, நான்காம் மட்ட அட்டை உள்ள ஒருவர் வந்து வயரிங்கும் முடித்துவிட்டார். கொடிகாமம் பக்கம் போகும்போதெல்லாம் அந்தக் கட்டடத்தைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். அந்த எரிச்சல் போகாது, போகவேண்டும் என்றும் இல்லை.

அட்டை வந்த செய்தி கேட்டு ரீச்சர் வரச்சொன்னார். பழைய கடிதத்தின் பிரதி இருந்தால் கொண்டுவரச் சொன்னார். கொண்டுபோனேன். அந்த ஒரு வரியைச் சிவப்புப் பேனையால் குறுக்கே வெட்டி, பக்கத்தில் எழுதினார்: "கேட்டுவிட்டுச் சப்பாத்துடன் வருவார்." அதை யாரிடமும் கொடுக்கத் தேவையில்லை. ஆனாலும் மடித்து அட்டையோடு பணப்பையில் வைத்திருக்கிறேன்.

அட்டையைக் காட்டச் சொல்லி இதுவரை மூன்று பேர்தான் கேட்டிருக்கிறார்கள், கடிதத்தை யாரும் கேட்டதில்லை. நான் மட்டும் இப்போது ஒவ்வொரு வாசலிலும் நின்று சப்பாத்தோடு வரலாமா என்று கேட்கிறேன். கேட்கும்போதெல்லாம், விளக்கு வைத்த கையில் என் சப்பாத்தை ஏந்திக்கொண்டு ரீச்சர் நடந்து வந்தது கண்ணில் நிற்கிறது, என் உள்ளங்கால் கூசுகிறது.